பாங்காக்கில் மூன்று இரவு: அறையை எந்தப் பகுதியில் எடுப்பது?

பாங்காக்குக்கு முதல் முறை கிளம்புகிறவர்கள் அங்கே என்ன பார்க்கலாம் என்றுதான் முதலில் கேட்பார்கள். மூன்று இரவுப் பயணம் என்றால் யார் போனாலும் பார்க்கப்போவது ஏறத்தாழ ஒன்றேதான்: அரண்மனை, வாட் போ, வாட் அருண் கோயில்கள், ஆற்றில் ஒரு படகுச் சவாரி, சைனா டவுனில் ஓர் இரவு, கொஞ்சம் கடைத்தெரு. இதில் குழம்ப ஒன்றுமில்லை. அந்த மூன்று நாளும் சுகமாகப் போகுமா, பாதி நேரம் டாக்சிக்குள் சிக்னலைப் பார்த்தபடி கழியுமா என்பதை முடிவு செய்வது அறை இருக்கும் இடம். அதைத்தான் கடைசியில், விலையையும் நீச்சல்குளப் படத்தையும் பார்த்துவிட்டு அவசரமாகப் பதிவு செய்கிறோம்.

ஊரின் அமைப்பைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால் சிக்கல் புரிந்துவிடும். 1782இல் முதலாம் ராமா தலைநகரை சாவ் பிரயா ஆற்றின் கிழக்குக் கரைக்கு மாற்றினார். அரண்மனையும் பெரிய கோயில்களும் ஆறு வளைந்து ஓடும் அந்த மடிக்குள்ளேயே இருக்கின்றன. பிறகு ஊர் கிழக்கு நோக்கி வளர்ந்தது. பெரிய மால்கள், அலுவலகக் கோபுரங்கள், பெரும்பாலான ஹோட்டல்கள் எல்லாம் அந்தப் பக்கம். 1999இல் ஓடத் தொடங்கிய பிடிஎஸ் வான்ரயிலும் அந்தப் புதிய நகரத்துக்காகப் போட்டதுதான். பழைய நகரத்துக்குள் அது இன்றும் நுழைவதில்லை. பார்க்க வேண்டியவை ஒரு முனை, படுக்க வசதியான இடங்கள் மறுமுனை. நடுவில் இருப்பது பாங்காக்கின் போக்குவரத்து நெரிசல். மாலை ஐந்து மணிக்கு அதில் மாட்டிக்கொண்டால் ஏழு கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம் போனாலும் ஆச்சரியமில்லை.

2019இல் ஒரு மாற்றம் வந்தது. எம்ஆர்டி என்ற சுரங்க ரயிலின் நீலத் தடத்தை நீட்டி, சைனா டவுனுக்குள் வாட் மங்கோன் நிலையமும், வாட் போவுக்குப் பக்கத்தில் சனாம் சாய் நிலையமும் திறந்தார்கள். அதற்கு முன்பு போய் வந்தவர்கள் சொல்லும் யோசனைகளில் பாதி இப்போது செல்லாது. “கிழக்கே சுகும்வித் பகுதியில் தங்கினால் அரண்மனைக்குப் போய் வரவே ஒரு நாள் ஆகிவிடும்” என்று உங்கள் சித்தப்பா சொன்னால், அவர் போன காலத்தில் அது உண்மைதான்.

இடங்களை ஒப்பிடுவதற்கு நான் வைத்துக்கொள்ளும் அளவுகோல் ஒன்று உண்டு. அது விலையோ நட்சத்திரமோ இல்லை. மதியம் ஒரு மணிக்கு அறைக்குத் திரும்ப முடியுமா என்பதுதான். வெயில் நமக்குப் புதிதா என்று நினைப்போம். அரண்மனை வளாகத்தில் முழங்காலையும் தோளையும் மறைத்த உடையோடு, நிழல் குறைந்த கல் முற்றங்களில் இரண்டு மணி நேரம் நின்ற பிறகு அந்த நினைப்பு மாறிவிடும். வெயிலைவிடக் காற்றின் ஈரம்தான் ஆளைச் சாய்க்கிறது. காலை எட்டரைக்கு ஆரம்பித்து, மதியம் குளித்து இரண்டு மணி நேரம் படுத்து எழுந்து, நான்கு மணிக்கு மேல் மறுபடி கிளம்புகிறவருக்கு இரவு பத்து வரை தெம்பு இருக்கும். அறை தூரத்தில் இருந்தால் மதிய ஓய்வு நடக்காது. ஏதாவது ஒரு மாலில் ஏசிக்காக ஒதுங்கி, வேண்டாத பொருளை வாங்கி, ஏழு மணிக்கே சுருண்டுவிடுவோம்.

பிரதுநாம்

நம்மூர் டிராவல் ஏஜென்ட் போடும் பேக்கேஜில் பெரும்பாலும் வருவது இந்தப் பகுதி. காரணங்கள் நியாயமானவையே. அறை வாடகை கட்டுப்படியாகும், இறங்கிய தெருவிலேயே இந்திய உணவகங்கள், மொத்த விலைத் துணிக் கடைகள், பிளாட்டினம் மால். சுவர்ணபூமி விமான நிலையத்திலிருந்து வரும் ரயிலில் ராட்சப்ராரோப் நிலையம் நடக்கும் தூரம். ரங்கநாதன் தெருவில் அறை எடுத்துத் தங்குவதுபோல இருக்கும்: வாங்க வந்தவருக்குச் சொர்க்கம், நடக்க வந்தவருக்குத் தண்டனை. நடைபாதை முழுக்கக் கடை, சாலை முழுக்க வண்டி.

அரண்மனைக்கு இங்கிருந்து நேர் ரயில் இல்லை. ஆனால் பலருக்கும் தெரியாத ஒரு வழி உண்டு. பிரதுநாமின் ஓரமாகவே சேன் சேப் கால்வாய் ஓடுகிறது. அதில் போகும் படகு பயணிகளுக்கான உலாப் படகு இல்லை. ஊர் மக்கள் வேலைக்குப் போகும் படகு. கட்டணம் தாய்லாந்துப் பணத்தில் சில பத்து பாட்டுக்குள் முடிந்துவிடும். நடத்துநர்கள் ஹெல்மெட் போட்டுக்கொண்டு படகின் வெளி விளிம்பில் நடந்தே டிக்கெட் கொடுப்பார்கள். தாழ்ந்த பாலம் வந்தால் கூரையை இறக்குவார்கள். எதிரே படகு வந்தால் ஓரத்தில் இருப்பவர் கயிற்றை இழுத்துப் பிளாஸ்டிக் திரையை உயர்த்த வேண்டும், இல்லையென்றால் கால்வாய்த் தண்ணீர் முகத்தில். அந்தத் தண்ணீர் எப்படிப்பட்டது என்பதை மூக்கு முன்கூட்டியே சொல்லிவிடும். கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட ஆனால் பான்ஃபா துறை. தங்க மலைக் கோயில் பக்கத்திலேயே. அங்கிருந்து அரண்மனை இரண்டு கிலோமீட்டர் போல, ஒரு டுக்-டுக் ஆட்டோ போதும். எனக்கு இந்தப் படகு மிகவும் பிடிக்கும். முழங்கால் வலி உள்ள பெரியவர்களை இதில் ஏற்றாதீர்கள். படகு துறையில் நிற்பது சில விநாடிகள்தான், விளிம்பைத் தாண்டிக் குதித்துத்தான் ஏற வேண்டும். மாலை போய் இருட்டிவிட்டால் திரும்பும் படகும் நின்றுவிடும்.

பயணத்தின் நோக்கமே துணி வாங்குவது என்றால் யோசிக்காமல் பிரதுநாம். அப்படி இல்லாத முதல் பயணத்துக்கு இந்திய சாப்பாடு ஒன்றுக்காக மட்டும் இங்கே தங்க வேண்டியதில்லை. அந்தச் சாப்பாடு வேறு இடங்களிலும் கிடைக்கிறது.

பழைய நகரம்: காவோ சானும் சுற்றுப்புறமும்

வரைபடத்தைப் பார்த்தால் இதுதான் சரியான இடம் என்று தோன்றும். அரண்மனைக்கு நடந்தே போகலாம். பிரா அதித் படகுத்துறை பக்கத்தில். விடுதி முதல் பழைய மர வீட்டு ஹோட்டல் வரை எல்லா விலையிலும் அறை. மதியம் அறைக்குத் திரும்பும் சோதனையில் முதல் மதிப்பெண் இதற்கே.

காலையில்தான் இதன் அருமை தெரியும். அரண்மனை எட்டரைக்குத் திறக்கிறது, மாலை மூன்றரையோடு டிக்கெட் கொடுப்பது முடிகிறது. வெளிநாட்டவருக்கு 500 பாட். ஒரு பாட் ஏறத்தாழ இரண்டரை ரூபாய்க்கு மேல் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். சுற்றுலாப் பேருந்துகள் வந்து இறக்குவதற்குள் உள்ளே நுழைந்துவிட்டால் மரகத புத்தர் கோயிலின் சுற்றுப் பிராகாரத்தை நிதானமாகப் பார்க்கலாம். அங்கே ராமகியென் கதை 178 ஓவியங்களாகச் சுவர் முழுக்க ஓடுகிறது. நாம் அறிந்த ராமாயணம்தான், ஆனால் ராவணன் இங்கே தோட்சகான், அனுமன் பிரம்மச்சாரி இல்லை. போகிற இடமெல்லாம் காதல் செய்கிறார். மரகத புத்தரையோ கூட்டத்தின் தலைகளுக்கு மேலாகத்தான் பார்க்க முடியும். சிலையின் உயரம் 66 சென்டிமீட்டர்தான், வைத்திருப்பது உயரத்தில். இந்த ஓவியங்களுக்கு நம் ஆட்கள் ஐந்து நிமிடம்கூடக் கொடுக்காமல் நகர்வதைப் பார்த்தால் ஆற்றாமையாக இருக்கிறது. உலகத்திலேயே இதை விளக்கப் பலகை இல்லாமல் படிக்கக்கூடியவர்கள் நாம்தான்.

பழைய நகரத்தில் இன்னோர் இடமும் தமிழருக்கென்றே இருக்கிறது. சிவப்பு நிறத்தில் உயர்ந்து நிற்கும் பெரிய ஊஞ்சல் கம்பம், அதன் பக்கத்தில் தேவஸ்தான் என்ற பிராமணர் கோயில். இரண்டும் முதலில் எழுந்தது 1784ஆம் ஆண்டுவாக்கில். மார்கழி–தையை ஒட்டி அரசவைப் பிராமணர்கள் இங்கே நடத்தும் விழாவின் பெயர் திரியம்பவாய். ஆமாம், திருவெம்பாவைதான். ஊஞ்சல் ஆடும் சடங்கு 1935இல் நின்றுபோனது. பாடல் ஓதுவது நிற்கவில்லை.

சரி, இவ்வளவு இருந்தும் நான் இந்தப் பகுதியை எல்லோருக்கும் சொல்லாததற்குக் காரணம் இரவு. காவோ சான் சாலையில் இரவு இரண்டு மணி வரை பாட்டுச் சத்தம் ஓயாது. அறை அந்தச் சாலையைப் பார்த்து இருந்தால் தூக்கம் போச்சு. இரண்டு தெரு தள்ளி, சாம்சென் பக்கம் எடுத்தால் அமைதி. ஆனால் ரயில் இல்லாத குறை தீராது. சாம் யோட் எம்ஆர்டி நிலையம் இரண்டு கிலோமீட்டர் தள்ளி. மாலையில் ஆற்றுப் படகு நின்றபின் எங்கே போய்த் திரும்பினாலும் டாக்சிதான். மீட்டர் 35 பாட்டில் தொடங்கும், போடச் சொன்னால் போடுவார். இந்தப் பகுதியில் சிலர் போட மாட்டார்கள். கிராப், போல்ட் செயலிகளில் விலையைப் பார்த்துக்கொள்வது நல்லது.

இன்னொன்று, அரண்மனைச் சுவர் ஓரம் நடக்கும்போது, நல்ல சட்டை போட்ட ஒருவர் வந்து “இன்று விசேஷம், அரண்மனை மூடியிருக்கிறது” என்பார். இருபது பாட்டுக்கு ஊர் சுற்றிக் காட்ட டுக்-டுக்கும் தயாராக நிற்கும். சுற்றி முடிவது ரத்தினக் கல் கடையிலோ தையல் கடையிலோ. பதில் சொல்லாமல் நடந்து வாயிலுக்கே போய்ப் பாருங்கள், திறந்திருக்கும்.

சுகும்வித்

நீண்ட ஒரே சாலை. ஒரு பக்கம் ஒற்றைப்படை எண் சந்துகள், மறுபக்கம் இரட்டைப்படை. “சுகும்வித்தில் ஹோட்டல்” என்று மட்டும் பார்த்துப் பதிவு செய்தால் ஏமாறுவோம். அசோக் சந்திப்பு வேறு, தோங்லோ வேறு, நானா வேறு. குழந்தைகளோடு போகிறவர்கள் நானாவின் 4ஆம் எண் சந்துப் பக்கத்தையும் அசோக் பக்கத்து சோய் கௌபாயையும் தவிர்த்து அறை தேடினால் போதும்; இரவு விடுதிகளின் கூச்சல் அந்தச் சில சந்துகளோடு முடிந்துவிடும்.

அசோக்குக்கு இருக்கும் பலம் இரண்டு ரயிலும் சந்திக்கும் இடம் என்பது. வான்ரயில் நிலையம் மேலே, எம்ஆர்டியின் சுகும்வித் நிலையம் கீழே. நீலத் தடத்தில் உட்கார்ந்தால் மாறாமல், ஒன்பதாவது நிறுத்தம் சனாம் சாய். மதியம் திரும்புவது முன்பு கனவு. இப்போது சுமார் அரை மணி நேர வேலை. சனி, ஞாயிறு என்றால் சதுசக் சந்தைக்கும் இதே தடம். ஆயிரக்கணக்கான கடைகள், காலை பத்துக்குள் போய்ப் பன்னிரண்டுக்குள் வெளியே வந்துவிட வேண்டும். விமான நிலைய ரயிலில் மக்காசானில் இறங்கி, பெட்சபுரி எம்ஆர்டிக்கு நடந்து மாறினால் அடுத்த நிலையமே சுகும்வித். இரண்டு ரயிலுக்கும் டிக்கெட் வெவ்வேறு என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

டெர்மினல் 21 மாலில் ஒவ்வொரு தளத்துக்கும் ஓர் ஊரின் பெயர், வேடிக்கைதான். அதன் மேல் தளத்து உணவுக்கூடத்தில் விலை தெருக்கடைக்குச் சமம்; காசைக் கார்டில் ஏற்றிக்கொண்டு படம் பார்த்துச் சாப்பிடலாம். தெருவில் சாப்பிடத் தயங்கும் பெற்றோருக்கு நல்ல முதல் பாடம்.

குறை என்னவென்றால், இங்கே தங்கினால் பாங்காக் ஓர் ஆற்றங்கரை ஊர் என்பதே மறந்துபோகும். கண்ணாடிக் கட்டடங்களும் மேம்பாலமும் ஆசியாவின் எந்தப் பெருநகரிலும் இருப்பவை. வசதி முழுதாகக் கிடைக்கும், ஊர் பாதிதான் கிடைக்கும்.

யாவரத்தைப் பற்றிக் கொஞ்சம்

யாவரத் சாலையை நடுவாகக் கொண்ட சைனா டவுனிலேயே தங்குவது சாப்பாட்டுப் பிரியர்களுக்கு. வாட் மங்கோன் நிலையத்திலிருந்து சனாம் சாய் இரண்டே நிறுத்தம். இருட்டியதும் தெருவோ அடுப்பாக மாறும். திங்கட்கிழமைகளில் பல தள்ளுவண்டிகள் இருக்காது, அதைப் பார்த்து நாள் வகுக்கலாம். ஐந்தரை டன் எடையுள்ள பொன் புத்தர் வாட் திரைமித்தில் இருக்கிறார்; காரைப் பூச்சுக்குள் மறைந்திருந்த தங்கம் 1955இல் சிலையை இடம் மாற்றும்போது தெரியவந்தது. நடந்தே போகும் தூரத்தில் சீக்கியர்களின் பாகுரத் பகுதி, அங்கே வட இந்தியச் சாப்பாடு. சைவர்களுக்கு யாவரத்தின் இரவு நாற்றம் ஒத்துவராது என்பதை நேராகச் சொல்லிவிடுகிறேன்.

சீலோமும் சாத்தோன் படகுத்துறையும்

என் ஓட்டு இங்கேதான். சப்பான் தக்சின் வான்ரயில் நிலையத்தின் காலடியில் சாத்தோன் படகுத்துறை. ரயிலும் ஆறும் கைகோக்கும் இடம் அது. ஆரஞ்சுக் கொடி கட்டிய படகில் 16 பாட் கொடுத்தால் இருபது நிமிடம் போல ஆகும், வாட் போ இருக்கும் தா தியன் துறை. இன்னும் கொஞ்சம் போனால் அரண்மனைக்கான தா சாங். பெரியவர்களுக்கு நீலக் கொடி கட்டிய சுற்றுலாப் படகு நிதானமானது, விலை கூடுதல். நெரிசலே இல்லாத சாலை ஆறுதான். பிரச்சினை என்று நாம் நினைத்த பயணம் இங்கே பார்க்கும் இடமாகவே மாறிவிடுகிறது: இரு கரையிலும் பழைய தேவாலயம், கிடங்கு, பள்ளிவாசல், சரக்கு மிதவைகளை இழுத்துப் போகும் சிறு படகுகள்.

மதியம் வாட் போவில் 46 மீட்டர் நீளப் படுத்த புத்தரைப் பார்த்துவிட்டு, அதே படகில் திரும்பி அறைக்கு வந்துவிடலாம். மாலையில் மறுபடி ஏறி, தா தியனில் இறங்கி, ஐந்து பாட் படகில் அக்கரை போனால் வாட் அருண். அருகில் போனால்தான் தெரியும், அந்தக் கோபுரம் முழுக்கப் பதித்திருப்பது சீனப் பீங்கான் துண்டுகள். வெயில் சாய்ந்தபின் இக்கரைக்கு வந்து அதைப் பார்ப்பது இன்னும் அழகு.

ஆற்றை ஒட்டிய பெரிய ஹோட்டல்கள் விலையில் எட்டாதவை. இரண்டு தெரு உள்ளே, பங்ராக், சுராசக், சீலோம் சாலை என்று தேடினால் நடுத்தர விலை. சீலோம் சாலையில் நடந்தால் திடீரென்று நம்மூர்க் கோபுரம்: மகா மாரியம்மன் கோயில். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தமிழ்க் குடியேறிகள் எழுப்பியது. உள்ளே வரிசையில் நிற்பவர்களில் பெரும்பாலோர் தாய்லாந்துக்காரர்கள், தேங்காயும் சாமந்தி மாலையுமாக. படம் எடுக்க விடமாட்டார்கள். பக்கத்து மகேசக் சாலை ரத்தின வியாபாரத்துக்குப் பேர்போனது. அந்த வியாபாரத்துக்காக வந்த தமிழ் முஸ்லிம்கள் பல தலைமுறையாகப் புழங்கும் பகுதி இது. ஆகவே இட்லி தோசைக்கும் அலைய வேண்டியதில்லை.

சைவத்துக்கு இன்னொரு குறிப்பு, எங்கே தங்கினாலும் உதவும். மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்தில் 17 என்று எழுதியதுபோல ஒன்று கடை வாசலில் தொங்கினால் அது ‘ஜே’ உணவு: மீன் சாறு, முட்டை, பூண்டு எதுவும் கிடையாது. ‘காய்கறி மட்டும்’ என்று கேட்டு வாங்கும் தட்டில் மீன் சாறு இருக்கத்தான் செய்யும். அது அவர்களுக்கு உப்பு.

சீலோமின் குறை: லும்பினி பூங்காவும் அதில் உலாவும் பெரிய நீருடும்புகளும் தவிரக் குழந்தைகளுக்கென்று பெரிதாக எதுவும் இல்லை. பத்போங் சந்தைத் தெரு இரவில் குடும்பத்தோடு போகும் இடம் இல்லை. சுவர்ணபூமியிலிருந்து ரயிலில் வந்தால் பயா தாயிலும் சயாமிலும் இரண்டு முறை மாற வேண்டும். பெரிய பெட்டிகள் இருந்தால் டாக்சி மேல். ஊரின் இன்னொரு விமான நிலையமான டான் மியாங்கில் இறங்குகிறவர்கள் சிவப்புத் தட ரயிலில் குருங் தேப் அபிவத் வந்து, அங்கிருந்து நீலத் தடத்தில் சாம் யானிலோ சீலோமிலோ இறங்கலாம்.

சென்னையிலிருந்து நள்ளிரவு தாண்டிக் கிளம்பும் விமானங்கள் விடியலில் இறக்கிவிடும். அறையோ மதியம் இரண்டுக்குத்தான். பெட்டியை ஹோட்டலில் போட்டுவிட்டு நேரே படகேறுவது சாத்தோனில் மட்டும்தான் இவ்வளவு எளிது. கிளம்புமுன் இணையத்தில் வருகை அட்டையை நிரப்பிவிடுங்கள், 2025 மே முதல் அது கட்டாயம்.

குழந்தைகள் இருவர், கூடவே பாட்டி என்றால் என் முடிவு அசோக் பக்கம் சாயும். சுரங்க ரயிலில் ஏறி இறங்குவது படகைவிட எளிது. நண்பர்கள் நால்வர், தூக்கம் முக்கியமில்லை என்றால் பழைய நகரம். இடையில் ஹோட்டல் மாற்றி இரண்டையும் அனுபவிக்கும் யோசனை ஐந்து இரவுக்கு மேல் இருந்தால்தான் சரி. மூன்றில் அரை நாள் பெட்டி கட்டுவதிலேயே போய்விடும்.

இரண்டு காலங்களில் மட்டும் சீலோமைப் பற்றி மறுபடி யோசியுங்கள். ஏப்ரல் 13 முதல் 15 வரை, நம் சித்திரைப் புத்தாண்டை ஒட்டி, சொங்க்ரான். ஊரே தண்ணீர் அடித்து விளையாடும்; காவோ சானும் சீலோம் சாலையும்தான் முக்கியப் போர்க்களங்கள். நனையவே போகிறீர்கள் என்றால் அங்கேயே தங்குங்கள், இல்லையென்றால் சுகும்வித்தின் உட்சந்து ஒன்றைப் பிடியுங்கள். அடுத்தது நவராத்திரி. மாரியம்மன் ஊர்வலம் வரும் இரவில் சீலோம் சாலையில் வண்டி ஓடாது, ஆயிரக்கணக்கானவர் தரையில் பூவும் விளக்கும் பரப்பி உட்கார்ந்திருப்பார்கள். அன்று இரவு விமானம் பிடிக்க வேண்டியவர் மதியமே பெட்டியோடு வெளியே வந்துவிட வேண்டும். பிடிக்க வேண்டாதவருக்கு அந்தத் தேதியைப் பார்த்தே பயணத்தை வைத்துக்கொள்ளச் சொல்வேன்.